நாற்பது வயதில் மல்லாந்து விழக் கற்றேன்!

சிலம்பம் ஆடுகிறவர்களுக்குக் காலடிதான் உயிர். 8 வயதில், திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தில் தாத்தாவிடம் கம்பு கற்கப் போனேன். முதல் மூன்று மாதம் கம்பையே கையில் கொடுக்கவில்லை. சுவடு, சுவடு, சுவடுதான்! "கால் நின்னாத்தான் கை நிக்கும். விழுந்தவனுக்கு ஆட்டம் முடிஞ்சுது" என்பார். கல்யாணமாகி இரண்டு பிரசவம் ஆன பிறகும், மொட்டை மாடியில் நெற்றி உயரக் கம்பைச் சுழற்றாமல் எனக்குப் பொழுது விடிந்ததில்லை.

இப்படிப்பட்டவளை மல்லாக்கப் படுக்க வைத்து, மேலே ஒரு ஆளையும் உட்கார வைத்து, "இப்ப எழுந்திருங்கக்கா" என்றால் எப்படியிருக்கும்!

என் பெண்ணுக்கு 13 வயசு. கம்பு வேண்டாம், ஜூடோதான் வேண்டுமென்று அடம். அழைத்துப் போன இடத்தில் ஞாயிறு காலையில் பெண்களுக்கென்று தனி வகுப்பு இருந்தது. சொல்லிக் கொடுக்கிற பெண்ணுக்கு 25 வயதிருந்தால் அதிகம். ஒரு நாள் அவள் கேட்டாள்: "அக்கா, கையில கம்பு இல்லாதப்ப ஒருத்தன் தள்ளிவிட்டு மேல விழுந்துட்டா என்ன செய்வீங்க?" எனக்குக் குத்துவரிசை தெரியும், சில பிடிகளும் தெரியும். எல்லாம் நின்றுகொண்டு செய்கிறவை! பெண்ணைப் பெற்ற மனசல்லவா, அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அடுத்த வாரமே சேர்ந்துவிட்டேன்.

முதல் சிக்கல் தாலி. செயின், தோடு, வளையல், மெட்டி எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. சட்டையைப் பிடித்து இழுக்கிற ஆட்டத்தில் கழுத்தில் கிடப்பது எதுவானாலும் ஆபத்து. மாமியாரிடம் சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். அவர் அரிசி புடைப்பதை நிறுத்தாமலே, "கழட்டி என் கையில குடுத்துட்டுப் போ. வந்து வாங்கிப் போட்டுக்கோ. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில கழட்டலையா?" என்றார். ஞாயிறுதோறும் இப்போது அவர் முந்தானை முடிச்சில்தான் என் தாலி!

முதலில் கற்பது 'பாலம்'. முழங்காலை மடக்கிக் குதிகாலைப் பின்புறத்துக்கு அருகே கொண்டுவர வேண்டும். மேலே இருப்பவரின் ஒரு கையையும் அதே பக்கத்துக் காலையும் சிறைப்பிடித்து, இடுப்பைத் தூக்கி, அந்தப் பக்கத் தோளுக்கு மேலாக உருள வேண்டும். ஊன்றக் கை இல்லாததால் அவரும் சேர்ந்து உருண்டுவிடுவார். அடுத்தது 'இறால்'. ஒருக்களித்து, இடுப்பைப் பின்னால் தள்ளி, கிடைக்கிற சந்தில் முழங்காலை நுழைப்பது. கைபலத்தால் அவர் நெஞ்சைத் தள்ளிக்கொண்டிருந்தால் சீக்கிரமே மூச்சு வாங்கும். இங்கேதான் சிலம்பம் எனக்குக் கைகொடுத்தது. கம்பு வீச்சுக்கு விசை இடுப்புத் திருப்பத்திலிருந்துதானே வருகிறது!

ஆனால் நெஞ்சின் மேல் பாரம் ஏறியதும் மனசு பதறுமே, அதற்கு எந்தச் சுவடும் உதவவில்லை. முதல் நாள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். எதிராளி உடம்பில் இரண்டு தட்டு தட்டினால் அந்த நிமிஷமே விட்டுவிடுவார்கள். கழுத்துப் பிடியில் சில விநாடிகளிலேயே நினைவு தப்பலாம் என்பதால் இதில் விளையாட்டே கிடையாது. 'போதும்' என்றதும் எதிராளி நிறுத்தியே தீர வேண்டும் என்ற சட்டம் என் பெண்ணுக்கு இந்த வயசிலேயே பழகுவதில் எனக்குத் தனி சந்தோஷம்.

ஜூடோ ஒன்றும் ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. 1882-ல் ஜப்பானில் ஜிகோரோ கானோ என்பவர் பழைய ஜுஜுத்சு கலையிலிருந்து உருவாக்கியது. அவரிடமே பயின்ற கெய்கோ ஃபுகுடா என்ற அம்மையார் ஐந்தடி உயரம்கூட இல்லை. பெண் என்பதால் ஐந்தாம் படியிலேயே அவரை வருஷக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். 2011-ல் அமெரிக்க ஜூடோ அமைப்பு பத்தாம் படி கொடுத்தபோது அவருக்கு வயது 98!

சேர விரும்பும் இளம் தாய்மார்களுக்கு: சிசேரியன் ஆனவர்களும், வயிற்றுத் தசை விலகியிருப்பவர்களும், இருமினால் சிறுநீர் கசிகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இறங்காதீர்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் குளியல். உடுப்பை அன்றே துவைத்து வெயிலில் போடுங்கள். படர்தாமரை இந்த விரிப்புகளில் சுலபமாகத் தொற்றும். யாருக்காவது வந்தால் ஆறும்வரை லீவு.

இன்னொன்று. தெருவில் இரண்டு பேர் வந்தாலோ, கையில் கத்தி இருந்தாலோ தரையில் கட்டிப் புரள்வது பைத்தியக்காரத்தனம். சீக்கிரம் எழுந்து ஓடத்தான் இவ்வளவும்.

வீட்டில் என் எதிராளி என் வீட்டுக்காரர்தான். 78 கிலோ. கூடத்தில் மெத்தையைப் போட்டு அவரை மேலே உட்கார வைப்பேன், பெண் எண்ணுவாள். போட்டியில் 20 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டால் ஆட்டம் முடிந்ததாம். போன வாரம் 14 எண்ணுவதற்குள் உருட்டிவிட்டேன். "ஒரு வார்த்தை சொல்லிட்டு உருட்டக் கூடாதா?" என்று முதுகைத் தடவிக்கொண்டே காபி கேட்டார்.