காலித் தோட்டா கணக்கு

பழநியில் மேற்கே போகிற பஸ் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போடுவதற்குள் நெய்க்காரப்பட்டி வந்துவிடும். தெற்கே மலை, சுற்றிலும் தென்னை, கரும்பு. காற்றிலேயே வெல்லப் பாகு வாசனை. இறங்கினதுமே பசிக்கிற ஊர் சார் அது!

மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். கூடவே அக்கா பையன். கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறான், ரைஃபிள் கிளப்பில் பாயிண்ட் டூ டூ ரைஃபிளில் குறி பார்க்கப் பழகுகிறான். வழியெல்லாம் ஒரே புலம்பல். தோட்டா விலை கட்டுப்படியாகவில்லையாம்.

"வெளிநாட்டுல சுட்ட தோட்டாவையே திரும்ப நிரப்பி சீப்பா விக்கிறாங்க மாமா. இங்கேயும் ஒருத்தர் தர்றேங்கிறாரு..."

எனக்குள் தூங்கிய பி.காம். விழித்துக்கொண்டது. தோட்டா என்பது நாலு சாமான்: பித்தளைக் கூடு, அடியில் பொறி தருகிற தொப்பி, மருந்து, முனையில் குண்டு. சுட்டால் மூன்று காலி, கூடு மட்டும் மிச்சம். சோடா பாட்டில் மாதிரி அதையே நிரப்பினால் லாபம்தானே? அமெரிக்காவில் வீட்டு ஷெட்டிலேயே நிரப்பிக்கொள்கிறவர்கள் உண்டு.

திண்ணையில் கேட்டுக்கொண்டிருந்த மாமா இடது கையை நீட்டினார். இரண்டு விரல் இல்லை.

"அப்பாரு பன்னிக்காவலுக்கு லைசென்ஸ் துப்பாக்கி வெச்சிருந்தாரு. ஆரோ ரொப்பிக் குடுத்த தோட்டாவ நாந்தான் போட்டேன். குழலே வெடிச்சுருச்சு. தோட்டாவுக்கு எட்டணா மிச்சம், ரெண்டு வெரலு போச்சு. இத வரவுல எழுதுவியா, செலவுலயா மாப்ளே?"

பேனா ஓடவில்லை.

மருந்து இரட்டிப்பாக விழுந்தால் குழல் பிளக்கும். குறைந்தால் குண்டு பாதிக் குழலில் சிக்கும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் ஆபத்து. வெளியே பார்த்தால் எல்லாத் தோட்டாவும் ஒன்றுபோலத்தான். வெளிநாட்டிலும் விவரமானவர்கள் தான் நிரப்பியதைத் தான் சுடுவார்களே தவிர, முன்பின் தெரியாதவர் நிரப்பியதைத் தொடமாட்டார்கள். நம் ஊரில் 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி, தோட்டா தயாரிக்கவும் விற்கவும் லைசென்ஸ் வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. பாயிண்ட் டூ டூ தோட்டாவுக்குத் தனித் தொப்பியே கிடையாது. பொறி மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. ஒரு அடியில் விளிம்பு நசுங்கிவிடும். அதனால் யாரும் அதைத் திரும்ப நிரப்பி விற்பதில்லை. அப்படியானால் அந்த ஆசாமி எதைத் தருவதாக இருந்தாராம்?

பையன் முகம் வெளுத்தது.

"செலவு குறையணும்னா ஏர் ரைஃபிளுக்கு மாறுடா" என்றேன். மருந்தும் இல்லை, கூடும் இல்லை. 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு மட்டும். மட்டமான விளையாட்டு என்று நினைக்காதீர்கள். பத்து மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையில், பத்து மார்க் புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர்! 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இதில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வென்றதும் இதில்தான்.

"சரி மாமா" என்றான், தாத்தாவின் கையைப் பார்த்தபடி.

துப்பாக்கியை எப்போதோ ஒப்படைத்துவிட்டார்கள். பழைய பித்தளைக் கூடு ஒன்று மட்டும் பூஜை மாடத்தில் இருக்கிறது. சாயங்காலம் அத்தை விளக்கேற்றிவிட்டு, அதில் ஒரு ஊதுபத்தியைச் செருகினார்.

அந்தக் கூட்டுக்கு அந்த ரீஃபில் போதும்!