குதிரை மசாலும் பட்டாபிராம் பசுவும்

சென்னையிலிருந்து மேற்கே செல்லும் மின்சார ரயிலில் ஏறி, ஆவடியைத் தாண்டி, ஹிந்து காலேஜ் என்று ஒரு கல்லூரியின் பெயரையே தாங்கி நிற்கும் ஸ்டேஷனையும் கடந்தால் பட்டாபிராம் வந்துவிடும். ஸ்ரீராமபிரான் முடிசூடிய கோலத்தைப் பெயராகக் கொண்ட ஊர். ஆனால் இன்று அங்கே முடிசூடி நிற்பது 2024-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 21 மாடி டைடல் பூங்காதான். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததும் கண்ணைக் கீழே இறக்கினேன். சாலையோரத்தில் ஒரு பசு, சினிமாச் சுவரொட்டி ஒன்றை வெகு சிரத்தையுடன் சுவைத்துக்கொண்டிருந்தது.

நான் பார்க்கப் போன நண்பர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தண்டுரைப் பக்கம் சிறு வீடு, கொல்லையில் ஏழெட்டு சென்ட் நிலம், இரண்டு பசுக்கள். மேய்ச்சல் தரையெல்லாம் மனைகளாகிவிட்ட ஊரில் மாடு வளர்ப்பது எவ்வளவு சிரமம் என்பதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்: "வைக்கோல் விற்கிற விலைக்கு, பாலை நாம் குடிப்பதைவிட மாட்டுக்கே திருப்பி ஊற்றிவிடலாம், ஸார்!" ஒரு மாட்டை விற்றுவிடலாமென்று அவர் எண்ணமிட்டதுண்டு. "லக்ஷ்மியை விற்கிற அன்றைக்கு எனக்கும் சேர்த்து விலை பேசிவிடுங்கள்" என்று வீட்டு அம்மாள் சொல்லிவிட்டாராம். அதற்குமேல் எந்த ஹவில்தாரால்தான் வாயைத் திறக்க முடியும்?

அப்போதுதான் அவருக்கு லேயின் ஞாபகம் வந்தது. லடாக்கில் பல ஆண்டுகள் இருந்தவர் அவர். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 11,500 அடி உயரம். வருஷத்துக்கு நாலு அங்குல மழை. குளிர்காலத்தில் நீர் உறையும் நிலைக்கும் இருபது டிகிரி கீழே போய்விடும் குளிர். அத்தகைய பூமியில், மலை ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சி, 'ஓல்' என்னும் ஒரு தீவனத்தை விளைவிக்கிறார்கள். கோடையில் இரண்டு மூன்று முறை அறுத்து உலர்த்தி, வீட்டுக் கூரைமேல் அடுக்கி வைக்கிறார்கள். பனி மூடிய மாதங்களில் ஆடும் மாடும் குதிரையும் உயிர் பிழைப்பது அந்தக் கூரையை நம்பித்தான்.

ஓல் என்பது வேறொன்றுமில்லை. நம் கோயமுத்தூர்க் குடியானவர்கள் அறிந்த குதிரை மசால்தான். பெயருக்கு ஏற்ற சரித்திரமும் அதற்கு உண்டு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீனச் சக்கரவர்த்தியின் தூதர்கள் பெர்கானா தேசத்திலிருந்து உயர்ஜாதிக் குதிரைகளையும், அவற்றின் ஆகாரமாக இந்த விதையையும் கொண்டுபோனார்கள். 1857-இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவின் மின்னஸோட்டாவுக்குக் குடியேறிய வென்டலின் கிரிம் என்னும் விவசாயி, மூட்டைக்குள் சில ராத்தல் விதையை எடுத்துச் சென்றார். குளிரில் பெரும்பாலான செடிகள் மடிந்தன. மனிதர் சலிக்கவில்லை, பிழைத்த செடிகளின் விதையையே வருஷா வருஷம் சேர்த்து விதைத்தார். அப்படிப் பிறந்தது குளிருக்கு அஞ்சாத ஒரு ஜாதி. பின்னர் ஹான்ஸன் என்ற நிபுணர் இன்னும் உறுதியான ஜாதியைத் தேடிச் சைபீரியாவரைக்கும் போய், மஞ்சள் பூப்பூக்கும் மசாலைக் கண்டார்.

இவ்வளவு கடினமான செடி பட்டாபிராமிலா வளராது என்று நினைத்தார் நம் ஹவில்தார். பழைய தோழர் ஒருவர் மூலம் லேயிலிருந்து பிடி விதை தருவித்து ஆடியில் விதைத்தார். முளை அழகாகத்தான் வந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் கொல்லையில் கணுக்கால் அளவு நீர் நின்றது. ஒரு வாரத்தில் வேரெல்லாம் அழுகிவிட்டன. மேட்டில் தப்பிய சில செடிகளோ, பகல் குறுகியதும் தரையோடு ஒட்டிக்கொண்டு வளரவே மறுத்துவிட்டன.

செடியின்மேல் தவறில்லை. பகல் குறுகத் தொடங்கினால் பனி வரப்போகிறதென்று எண்ணி, வேரிலே உணவைச் சேமித்துக்கொண்டு உறங்குவது அதன் ஜாதி தர்மம். லேயில் அதைக் காப்பாற்றுவது அந்த உறக்கமே; இங்கே அதைப் பயனற்றதாக்குவதும் அதுவே. வறட்சியைத் தாங்க ஆழமாக இறங்கும் வேர், தேங்கிய நீரில் மூச்சுத் திணறிச் செத்துப்போகிறது. சென்னைப் பக்கத்தில் வருஷத்துக்கு ஐம்பது அங்குலத்துக்கு மேல் மழை!

கோயமுத்தூர் விவசாயப் பல்கலைக்கழகத்தார் நம் சீமைக்கென்று கோ-1 என்னும் குதிரை மசாலைத் தந்திருக்கிறார்கள். வடிகால் உள்ள நிலத்தில் விதைத்தால் எழுபத்தைந்து, எண்பது நாளில் முதல் அறுப்பு. பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. ஆனால் பசியோடிருக்கும் மாட்டுக்குப் பச்சையாக இதை மட்டும் வயிறாரப் போட்டுவிடக் கூடாது. வயிறு உப்பிப் பிராணனுக்கே ஆபத்தாகும். வைக்கோலுடன் கலந்தே கொடுக்க வேண்டும்.

நீர் தேங்கும் கொல்லைக்கு அதுவும் உதவாதே என்றேன். அதற்கும் ஹவில்தாரிடம் பதில் இருந்தது. ஆவடிக்கு வடக்கே ஆலமாதியில் மத்திய ஸர்க்காரின் தீவனப் பயிர் நிலையம் இருக்கிறது. அங்கே போய்ப் பேசிவிட்டு வந்து, வேலியோரத்தில் ஒன்றரை அடி உயரத்துக்கு வரப்பு எடுத்திருந்தார். அதில் வேலி மசால் போடப் போகிறாராம். தொண்ணூறு நாளில் முதல் அறுப்பு. பின் நாற்பது நாளுக்கு ஒன்று.

அதன் விதைக்குத் தோல் கடினம். கொதித்த நீரை இறக்கி, நான்கு நிமிஷம் ஆறவிட்டு, அதில் விதையை நான்கு நிமிஷம் போட்டெடுத்துக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். நான் விடைபெறும்போது அந்த அம்மாள் அடுப்பங்கரையில், ஒரு கையில் கடிகாரமும் மறு கையில் வடிகட்டியுமாக நின்றுகொண்டிருந்தார். லக்ஷ்மி ஜன்னல் வழியே மூக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.