பழைய வண்டி வாங்கலாமா?

பழைய மோட்டார் கார் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்கலாமா என்று நாலு பேரிடம் யோசனை கேட்டால், நாலு பேரும் கணக்குத்தான் சொல்வார்கள். விலை இவ்வளவு, ரிப்பேர் இவ்வளவு, அந்தப் பணத்துக்குப் புது வண்டியே வந்துவிடும் என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் பழைய வண்டியின் மேல் ஆசை வைத்தவன் லாபத்துக்காகவா வைத்தான்? பணத்தைக் கொட்டினால் வண்டி மறுபடி வண்டியாகுமா என்பதுதான் அவனுக்குத் தெரிய வேண்டும். இரண்டு மாதமாக நான் இந்தக் கேள்வியோடு காலம் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

வண்டி ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1970-ஆம் வருஷத்தது; நாலு கதவு. சாந்தோமில் ஒரு வீட்டு ஷெட்டில், கடற்காற்றைச் சுவாசித்துக்கொண்டு 16 வருஷமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது. வீட்டுக்கார அம்மாள் 1,20,000 ரூபாய் கேட்கிறார். "அவர் போனப்புறம் யாரும் சாவி போடலை, தம்பி. பழைய இரும்புக்காரன் வந்து கேட்டான், மாட்டேன்னுட்டேன்" என்றார்.

ஹெரால்டு நம் ஊர் வண்டி என்றே சொல்லலாம். இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்று வெளிவந்ததை, 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் செய்தார்கள். உருவத்தை வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். என்ஜின் 948 சி.சி.தான், அதைவிடப் பெரிய என்ஜின் இன்று மோட்டார் சைக்கிளில் இருக்கிறது. ஆனால் என்ன சௌகரியமான வண்டி தெரியுமா? பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்புறம் கவிழ்ந்து திறக்கும். முன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். 25 அடி இடம் இருந்தால் முழு வட்டம் அடித்துத் திரும்பிவிடும்.

அமெரிக்காவில் இந்த மோகம் பிடித்தவர்கள் தேடுவது வேறு ஜாதி. 1964-இல் வந்த பாண்டியாக் ஜி.டி.ஓ.வின் என்ஜின் 6.4 லிட்டர், ஆறு ஹெரால்டு என்ஜின்களைச் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. ஆனால் அவர்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு. 1960-களின் முஸ்டாங்குக்கு முழு உடலையே இன்றும் புதுத் தகட்டில் செய்து விற்கிறார்கள். பணத்தை எண்ணி வைத்தால் துரு போய்விடும். இங்கே பணத்தோடு காரியம் முடிவதில்லை என்பது, மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு போனபோதுதான் எனக்குப் புரிந்தது.

அவருக்கு வயது 71. மேஸ்திரி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். பளபளக்கும் பம்பரை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்து, சேஸிஸை ஸ்க்ரூடிரைவரால் அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்த்தார். ஹெரால்டுக்குச் சேஸிஸ் தனி. உடல் அதன் மேல் போல்ட்டு போட்டு உட்கார்ந்திருக்கிறது. சேஸிஸ் கெட்டியாக இருந்தால் மற்றதைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். அதை அரித்துவிட்டிருந்தால் கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இரண்டு இடத்தில் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போயிற்று. மற்ற இடமெல்லாம் டங்கென்று பதில் சொன்னது.

"அடி தேவலை சார். என்ஜினுக்கும் பயமில்லை" என்றார் வெளியே வந்து. டிரையம்ப் அபிமானிகளுக்காக இங்கிலாந்தில் உதிரி பாகம் விற்கிற கடைகள் இன்றும் இருக்கின்றன, எழுதிப்போட்டால் வந்துவிடும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் குழாய்களையும் பம்பின் டயஃபிரத்தையும் மாற்ற வேண்டும். எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் ஆகும் என்றார்.

"பின் கதவு ரெண்டும்தான் தொல்லை" என்று சொல்லிக் கதவின் அடியில் விரலை விட்டுக் காட்டினார். சல்லடையாக இருந்தது. இங்கிலாந்து ஹெரால்டுக்குப் பின் கதவே கிடையாது. நாலு கதவு வண்டியை 1968 முதல் செய்தது சென்னையில்தான். ஆகவே அந்தக் கதவை எந்தச் சீமைக் கடையிலும் வாங்க முடியாது. தகட்டை அடித்துத்தான் செய்ய வேண்டும்.

"அப்படி அடிக்கிற டிங்கர் எனக்குத் தெரிஞ்சு பல்லாவரத்துல ஒருத்தர்தான். மத்தவங்க பட்டி பூசிப் பெயிண்ட் அடிச்சுடுவாங்க. ரெண்டு மழை தாங்கும்."

"அவருக்கு என்ன வயசு, மேஸ்திரி?"

"என்னைவிட ரெண்டு கூட."

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. என் கையில் இருப்பது, நாவல் ஒன்று மறுபதிப்பான வகையில் வந்த பணம். வண்டியின் விலை போக ஒரு லட்சம் மிஞ்சும். பெண்ணின் காலேஜுக்குப் போட்டிருக்கும் டெபாசிட்டைத் தொடக்கூடாது என்று என் மனைவி முன்பே சொல்லிவிட்டாள், நியாயமான பேச்சு. மீதியை மூன்று வருஷத்தில் சிறுகச் சிறுகத்தான் சேர்க்க முடியும். வண்டி மூன்று வருஷம் காத்திருக்கும். அந்த இரண்டு கிழவர்களையும் காத்திருங்கள் என்று எப்படிச் சொல்வது?

காகித விவகாரம் வேறு இருந்தது. ஆர்.சி. இன்னும் காலமானவர் பெயரிலேயே இருக்கிறது. படிவம் 31 கொடுத்து அம்மாள் பெயருக்கு மாற்றிய பிறகே எனக்கு மாற்ற முடியும். 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவும் உண்டு. அப்படிப் பதிந்தால் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும் போகலாமே தவிர, அன்றாடம் ஓட்டக்கூடாது. "கத்தரிக்காய் வாங்கப் போக முடியாத காருக்கா இவ்வளவு பாடு?" என்று கேட்டாள் மனைவி. சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வது என்று தீர்மானித்தோம்.

இந்தப் பேச்சினிடையேதான் எனக்கு வழி தென்பட்டது. உலகத்தில் எல்லாரும் என்ஜினை முதலில் ஓட வைத்துவிட்டு, உடலை அப்புறம் பார்ப்பார்கள். நான் அதைத் திருப்பிப் போட்டேன். என்ஜின் சாமான் எங்கேயும் ஓடிப் போகாது. பணம் சேர்ந்ததும் வரவழைக்கலாம். கதவு செய்கிற கை அப்படியல்ல. கையில் இருக்கிற லட்சத்தை முதலில் அந்தக் கைக்குக் கொடுத்துவிடுவது.

மேஸ்திரியிடம் சொன்னேன். "என்ஜின் ஓடாத வண்டிக்குக் கதவு கேட்கிற முதல் ஆள் நீங்கதான் சார்" என்று சிரித்தார். பிறகு சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தம் பேரனையும் டிங்கரிடம் அனுப்பட்டுமா என்று கேட்டார். பையன் ஐ.டி.ஐ. முடித்தவன். கம்ப்யூட்டரைச் செருகிப் புது வண்டியின் கோளாறைச் சொல்லிவிடுவான். தகடு அடித்துப் பழக்கமில்லை. அவன் பக்கத்தில் நின்று பழகுவதானால் வேலை இரண்டு மடங்கு நாள் பிடிக்கும், பிடிக்கட்டும் என்றேன்.

டிங்கருக்குக் கற்றுக் கொடுக்கிற பொறுமை கிடையாதாம். பையன் தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், கேள்வி கேட்கக்கூடாது என்ற நிபந்தனையின் பேரில் ஒப்புக்கொண்டார். சாந்தோம் அம்மாளுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. படிவம் 31 போயிருக்கிறது. முதலில் செய்யப்போவது இடது பின் கதவு. அதில்தான் ஓட்டை அதிகம்.