கொடுமுடிகளின் கீழ் ஒரு களஞ்சியம்

ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியாவில், சலினாஸ் பள்ளத்தாக்கிற்குக் கிழக்கே, செந்நிறப் பாறைகள் வானை நோக்கி எழுந்து நிற்கும் மலைப்பகுதி ஒன்றுண்டு. பினக்கிள்ஸ் என்பது அதன் பெயர். கொடுமுடிகள் என்பது பொருள். சுமார் 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலை கக்கிய குழம்பே இப்பாறைகளாயிற்று. 1908 இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இதனைத் தேசியச் சின்னமாக்கினார். 2013 இல் இது தேசியப் பூங்காவாயிற்று.

இங்கு மழை பெய்வது மாரியிலேயே; கோடை முழுவதும் வானம் வரண்டு கிடக்கும். ஆதலால் இங்குள்ள உயிர்கள் சிக்கனம் பயின்றவை. மலைச்சரிவுகளை மூடியிருக்கும் பற்றைக்காட்டைச் ‘சப்பரல்’ என்பர். குட்டையான ஓக் பற்றையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. அங்கே மிகுந்து வளரும் சமீஸ் என்னும் செடியின் இலைகள், நீரிழப்பைக் குறைக்கும்பொருட்டு ஊசிபோற் சிறுத்துள்ளன. தீயில் எரிந்தாலும் அது அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஆயினும், தீ அடிக்கடி மூளுமாயின் அச்செடியும் தாங்காது. பிறநாட்டுப் புல் அவ்விடத்தைப் பற்றிக்கொள்ளும்.

அடிவாரங்களில் நீல ஓக் மரங்கள் நிழல் பரப்புகின்றன. வரட்சி கடுமையானால் அவை காலத்துக்கு முன்னரே இலையுதிர்த்து உயிர் காக்கின்றன. ஓக் கொட்டைகளைச் சேமிக்கும் மரங்கொத்தியின் திறமை வியத்தற்குரியது. குடும்பமாய் வாழும் இப்பறவைகள் ஒரே மரத்தில் ஆயிரக்கணக்கான துளைகளிட்டு, துளைக்கொரு கொட்டையாய் அடைக்கின்றன. கொட்டை காய்ந்து சுருங்கினால், அதனை எடுத்துச் சிறிய துளைக்கு மாற்றுகின்றன. தலைமுறை தலைமுறையாய்ப் பயன்படும் அம்மரம் அக்குடும்பத்தின் முதுசொம் எனலாம். இந்நிலத்தின் பழங்குடி மக்களும் இக்கொட்டைகளை இடித்து, நீர்விட்டுக் கைப்பகற்றி உணவாக்கினர்.

கொடுமுடிகளின் மேல் வட்டமிடுவது, 9½ அடி அகலத்துக்குச் சிறகு விரிக்கும் கொண்டோர் என்னும் பிணந்தின்னிக் கழுகு. வேட்டையாடப்பட்ட விலங்குகளின் உடலில் எஞ்சிய ஈயக் குண்டுத் துணுக்குகளை இரையோடு விழுங்கிப் பல கழுகுகள் நஞ்சேறி மாண்டன. 1987 இல் உலகெங்கும் எஞ்சியவை 27 மட்டுமே; அவையனைத்தும் கூடுகளில் வைத்துக் காக்கப்பட்டன. அவ்வாறு பெருக்கிய பறவைகளை 2003 இலிருந்து பினக்கிள்ஸிலும் பறக்கவிட்டனர். 2019 முதல் கலிபோர்னியாவில் வேட்டைக்கு ஈயக் குண்டு தடைசெய்யப்பட்டுள்ளது. எனினும் ஈயத்தின் கேடு இன்னும் நீங்கவில்லை.

பெரும்பாலும் ஈராண்டுக்கு ஒரு முட்டையே இடும் இப்பறவைக்கு ஒவ்வோர் இழப்பும் பேரிழப்பே. மரங்கொத்தி தன் களஞ்சியத்தை நாள்தோறும் காவல்செய்வதுபோல், இக்கழுகினத்தை மனிதரும் நாள்தோறும் காத்தல் வேண்டும்.