ஒருவர் மட்டும்

கியூ வரிசையில் நிற்பது நம்மைப் போன்ற மாணவர்களுக்குப் புதிய அனுபவம் அன்று. விடுதியில் காலைப் பலகாரத்துக்கு வரிசை, வெந்நீருக்கு வரிசை, கட்டணம் செலுத்த வரிசை, கட்டிய ரசீதில் முத்திரை குத்தவும் வரிசை. இவையெல்லாம் வேறு வழியில்லாமல் நிற்பவை. ஆனால், கைக்காசைக் கொடுத்து, இன்பத்தை நாடிப் போன இடத்திலும் மனமுவந்து மணிக்கணக்காக நிற்கிறோமே, அந்த வரிசையைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தேன்.

சென்ற டிசம்பர் மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் சங்கத்து நண்பர்கள் ஐவர் டில்லிக்கு வெளியே உள்ள ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போனோம். திருநெல்வேலி நண்பர் ஒருவர், சேலத்தார் ஒருவர், பாலக்காட்டுத் தமிழர் ஒருவர், டில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர் ஒருவர், அவர்களோடு நான். முதலாண்டிலே உணவுக்கூடத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து பழகியவர்கள். அந்த மேசைக்கு நான் வந்து சேர்ந்ததே ஒரு தற்செயல். தட்டைக் கையில் ஏந்தி விழித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, பரிமாறுபவர், "அகேலே ஹோ?" என்று கேட்டார். "தனியாகவா வந்திருக்கிறாய்?" என்று பொருள். பொருள் தெரியாமலே தலையை ஆட்டினேன். ஐந்து நாற்காலியில் ஒன்று காலியாக இருந்த மேசையைக் காட்டினார். அன்றிலிருந்து அது என் இடம் ஆயிற்று.

பூங்காவில் எல்லோரும் ஏற விரும்பியது ரோலர் கோஸ்டர் என்னும் அந்தப் பொல்லாத வண்டியில்தான். மலைமேல் ஏற்றிவிட்டுப் பள்ளத்தில் தள்ளுவதுபோல் தள்ளி, தலைகீழாகச் சுழற்றி, இரண்டு நிமிடத்தில் இறக்கி விட்டுவிடுவார்கள். அந்த இரண்டு நிமிடத்துக்கு, "இங்கிருந்து 90 நிமிடம்" என்று பலகை சொல்லிற்று. கைப்பேசி, பணப்பை, கண்ணாடி எல்லாவற்றையும் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வரிசையில் நுழைந்தோம். இரும்புக் கம்பிகளுக்கு நடுவே அந்த வரிசை பாம்புபோல் வளைந்து வளைந்து சென்றது.

20 நிமிடம் கழிந்திருக்கும். நாங்கள் நின்ற வளைவு வண்டி புறப்படும் மேடையின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. மேடையிலிருந்து ஓர் ஊழியர் கீழே எட்டிப் பார்த்து, "கோயீ அகேலா ஹை? ஏக் ஆத்மி!" என்று குரல் கொடுத்தார். வண்டியில் இரண்டிரண்டு பேராக எட்டு வரிசை, ஆக 16 இடம். மூவராக வந்த ஒரு குடும்பத்தால் ஓர் இடம் காலியாக நின்றுவிட்டது. எங்களுக்கு முன்னே நின்றவர்கள் ஒருவரும் தம் கூட்டத்தை விட்டுப் பிரிய மனமில்லாமல் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

"நாம் ஐந்து பேர். எப்படியும் ஒருவன் தனியாகத்தானே உட்கார வேண்டும்? நீ போடா" என்றார் திருநெல்வேலி நண்பர்.

நானும் போனேன். உண்மையைச் சொன்னால், அவர் சொல்லி முடிக்கும் முன்பே என் கால் படியில் இருந்தது. 70 நிமிடத்தை ஒரு நொடியில் கடந்துவிட்ட பெருமிதம் எனக்கு! பக்கத்தில் 10 வயதுச் சிறுவன் ஒருவன். அவன் அப்பாவும் அம்மாவும் முன் வரிசையில் இருந்தார்கள். வண்டி உச்சியில் ஏறி ஒரு கணம் நின்றபோது, யாரென்றே தெரியாத என் கையை அவன் இறுகப் பற்றிக்கொண்டான். இறங்கியதும், கையை விட்டதோடு என்னையும் மறந்து அப்பாவிடம் ஓடினான். நான் மட்டும் வெளியேறும் வழியில் வந்து நின்றேன்.

அப்போதுதான் ஓர் உண்மை விளங்கிற்று. வெளியேறியவன் மறுபடி உள்ளே நுழைய முடியாது. நண்பர்கள் வரும்வரை, தேநீர்க் கடைக்கு எதிரே ஒரு பலகையில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஏறத்தாழ ஒரு மணி நேரம்! வரிசையில் மிச்சம் பிடித்த நேரத்தை வாசலில் செலவழித்தேன். கையில் கைப்பேசியும் இல்லை. லாக்கரின் சாவி சேலத்தாரிடம் இருந்தது.

பொழுது போகாமல் கணக்குப் போட்டேன். வண்டி 3 நிமிடத்துக்கு ஒரு முறை புறப்படுகிறது. மணிக்கு 20 நடை. ஒவ்வொரு நடையிலும் 16 இடமும் நிரம்பினால் மணிக்கு 320 பேர் போகலாம். ஆனால் நடைக்கு 2 இடம் காலியாகப் போனால் 280 பேர்தான். வரிசையில் 420 பேர் நின்றால், கடைசி ஆள் ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். பலகை சொன்ன 90 நிமிடம் சரியாகத்தான் இருந்தது! வரிசையின் நீளம், ஆட்கள் நகரும் வேகம், காத்திருக்கும் நேரம் ஆகிய மூன்றுக்கும் உள்ள இந்த எளிய உறவைத்தான் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1961ஆம் ஆண்டில் கணித முறையில் மெய்ப்பித்தார். அதற்கும் முன்னே, 1909ஆம் ஆண்டிலேயே, கோபன்ஹேகன் நகரத்துத் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் என்பவர், தொலைபேசி அழைப்புகள் வந்து சேரும் முறையைக் கணக்கிட்டு இத்துறைக்கு வித்திட்டார்.

மேடை ஊழியர் குரல் கொடுத்துச் செய்ததை, வெளிநாட்டுப் பூங்காக்கள் சிலவற்றில் முறையாகவே வகுத்து வைத்திருக்கிறார்கள் என்பதைப் பின்னர் படித்து அறிந்தேன். பெரிய வரிசைக்குப் பக்கத்திலேயே 'தனி ஆள் வரிசை' என்று ஒன்று. கலிபோர்னியாவில் டிஸ்னி நிறுவனத்தார் 2012ஆம் ஆண்டில் திறந்த 'ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் ரேசர்ஸ்' என்ற கார்ச் சவாரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு காருக்கு ஆறு இடம். மூன்று மூன்றாக இரண்டு வரிசை. உலகத்தில் பெரும்பாலோர் இருவராகவோ நால்வராகவோ அல்லவா பூங்காவுக்கு வருகிறார்கள்? இருவர் ஒரு வரிசையில் அமர்ந்தால் ஓர் இடம் மிச்சம். அந்த மிச்சத்தைத் தனி ஆள் வரிசையிலிருந்து ஒருவரை அழைத்து நிரப்பிவிடுகிறார்கள். பனிச்சறுக்கு மலைகளில் ஆட்களை மேலே ஏற்றும் கம்பிவட நாற்காலிகளுக்கும் இதே வழக்கம் உண்டு.

இதில் உள்ள நியாயத்தைக் கவனியுங்கள். தனி ஆள் வரிசையில் போகிறவன் யாரையும் முந்துவதில்லை. அவன் உட்காராவிட்டால் அந்த இடம் வெறுமையாகவே போகும். காசு கொடுத்து முந்துகிற கதை வேறு. டிஸ்னி நிறுவனத்தார் 1999ஆம் ஆண்டில் 'பாஸ்ட் பாஸ்' என்ற குறித்த நேரச் சீட்டை இலவசமாகத் தொடங்கினார்கள். 2021ஆம் ஆண்டில் அமெரிக்கப் பூங்காக்களில் அதற்கு முடிவு கட்டிவிட்டு, விலை கொடுத்துப் பெறும் முறையைக் கொண்டு வந்தார்கள். நம் நாட்டுப் பூங்காக்கள் சிலவற்றிலும் கூடுதல் விலைக்கு விரைவுச் சீட்டு உண்டு. அந்தச் சீட்டைக் காட்டி உள்ளே நுழையும் ஒவ்வொருவருக்கும் ஏழை வரிசை ஓர் அடி பின்னால் போகிறது. தனி ஆள் வரிசை அப்படிப்பட்டதன்று. அதற்குக் காசு வேண்டாம். பிறருக்கு நட்டமும் இல்லை. அதற்கு விலையாகக் கேட்பது ஒன்றே ஒன்றைத்தான்: கூட வந்தவர்களை விட்டு வா.

விலை அவ்வளவுதானே என்றுதான் நானும் நினைத்தேன்.

நண்பர்கள் ஒருவழியாக வெளியே வந்தார்கள். ஆரவாரமாக வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். நால்வரும் அமைதியாக வந்தார்கள். சேலத்தாரின் கண்கள் சிவந்திருந்தன. "மேலே காற்று அதிகம்" என்றார். நானும் நம்பினேன். திரும்பும் பேருந்தில் என் 70 நிமிட வெற்றியைப் பற்றி இரண்டு முறை சொன்னேன். பாலக்காட்டு நண்பர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டது இப்போது நினைவுக்கு வருகிறது.

ஜனவரியில் விடுமுறை முடிந்து வகுப்புகள் தொடங்கின. மேசையில் ஒரு நாற்காலி காலி. "சேலத்தார் வண்டி தாமதமோ?" என்று கேட்டேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் படிப்பை நிறுத்திவிட்டாராம். அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு இரு முறை இரத்தச் சுத்திகரிப்பு. வீட்டில் ஓடுகிற நான்கு விசைத்தறிகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆண்பிள்ளை இல்லை. நான்கு மாதமாக மனத்துக்குள்ளேயே அடக்கி வைத்திருந்ததை, அன்று அந்த வரிசையில் நிற்கும்போது சொல்லிவிட்டாராம்.

"எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை?"

"அவன் உன்னிடமும் சொல்லியிருப்பான் என்று நினைத்தோம்" என்றார் ஒருவர். திருநெல்வேலி நண்பர் மட்டும் சிறிது நேரம் கழித்து, "நீ அப்போது அங்கே இல்லையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

இரண்டு ஆண்டு ஒரே மேசையில் உண்டவர், அறையில் சொல்லாததை, உணவுக்கூடத்தில் சொல்லாததை, ரோலர் கோஸ்டருக்கு நிற்கும் வரிசையிலா சொல்ல வேண்டும் என்று பல நாள் யோசித்தேன். யோசித்தால் அதில் வியப்பு இல்லை. கையில் கைப்பேசி இல்லை. பாதியில் எழுந்து போக வழி இல்லை. எல்லோரும் முன்னே பார்த்து நிற்பதால், முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்ல வேண்டிய கூச்சமும் இல்லை. ஒரு மணி நேரத்துக்குச் செய்வதற்கு வேறு வேலையே இல்லை. மனத்தில் உள்ளதைச் சொல்ல இதைவிட நல்ல இடம் நம் வாழ்க்கையில் இன்று எங்கே மிச்சம் இருக்கிறது?

டேவிட் மைஸ்டர் என்பவர் 1985ஆம் ஆண்டில் வரிசைகளின் உளவியலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சும்மா நிற்கும் நேரம், ஏதேனும் செய்துகொண்டு நிற்கும் நேரத்தைவிட நீளமாகத் தோன்றும். தனியாகக் காத்திருப்பது, கூட்டமாகக் காத்திருப்பதைவிட நீளமாகத் தோன்றும் என்பவை அவர் கண்ட முடிவுகளில் இரண்டு. தேநீர்க் கடை வாசலில் நான் கழித்த ஒரு மணி நேரம் இவ்விரண்டுக்கும் சாட்சி. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் ஹாரி பாட்டர் கதையை ஒட்டிய ஒரு புதிய ரோலர் கோஸ்டர் திறந்த முதல் நாளில், காத்திருக்கும் நேரம் 10 மணி வரை போயிற்று என்று செய்தித்தாள்கள் எழுதின. முன்பு இதைப் படித்திருந்தால், "இப்படியும் மூடர் உண்டோ!" என்று சிரித்திருப்பேன். இப்போது அப்படிச் சிரிக்க மாட்டேன். அந்த 10 மணி நேரத்தில் யார் யாரிடம் என்னென்ன சொன்னார்களோ!

தனி ஆள் வரிசையை நான் குறை கூறவில்லை. உண்மையிலேயே தனியாக வந்தவனுக்கு அது ஒரு வரம். அந்நிய ஊரில், "ஓர் இடம் இருக்கிறது, வா" என்று ஒரு குரல் கேட்பதன் அருமை, தட்டோடு நின்ற எனக்குத் தெரியாதா? எனக்கு ஐந்து நண்பர்கள் மேசையைக் கொடுத்ததே அப்படி ஒரு காலி இடந்தான். ஆனால் கூட்டத்தோடு வந்தவன், தன்னைத் தனியன் என்று சொல்லிக்கொண்டு அந்த இடத்தில் போய் ஏறினால், கணக்கில் ஓர் இடம் நிரம்பும். வேறோர் இடம் காலியாகும். அந்தக் காலியிடம் எந்த மேடையிலிருந்து பார்த்தாலும் தெரியாது.

மே மாத விடுமுறையில் சேலத்துக்குப் போனேன். முன்னறிவிப்பு இல்லாமல்தான் போனேன். தொலைபேசியில் பேச எனக்குத் துணிவு வரவில்லை. அன்று அவருடைய அப்பாவுக்குச் சுத்திகரிப்பு நாள். மூவருமாக மருத்துவமனைக்குப் போனோம். அப்பாவை உள்ளே அழைத்துக்கொண்டு போனபின், வெளியே நீண்ட பெஞ்சில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம்.

"நாலு மணி நேரம் ஆகும்டா. நீ ஊருக்குக் கிளம்பு, பேருந்து போய்விடும்" என்றார்.

"அடுத்த பேருந்தில் போகிறேன்" என்றேன்.

சிறிது நேரம் சும்மா இருந்தோம். பிறகு அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே மெல்லப் பேசத் தொடங்கினார்.