தாடைக்குக் கீழே ஒரு கல்

எல்கடுவைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஹுன்னஸ் நீர்வீழ்ச்சியைப் பார்க்க வருவார்கள். நான் போனது லயத்தில் இருக்கும் ஓர் அக்காவைப் பார்க்க. முப்பது வருடமாகத் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்.

“சோறு திங்க உக்காந்தாப் போதும் தம்பி, தாடைக்கு அடியில பொடச்சிக்கும். தின்னு முடிச்சி கொஞ்ச நேரத்துல வத்திரும். பல்லு நோவுன்னே நெனச்சிட்டேன்.”

நோயை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. சாப்பாட்டைக் கண்டதும் உமிழ்நீர்ச் சுரப்பி சுரக்கும். குழாயில் கல் அடைத்திருந்தால் எச்சில் போக வழியில்லாமல் சுரப்பி வீங்கும். இத்தகைய கற்களில் பத்துக்கு எட்டு தாடைக்கீழ்ச் சுரப்பியில்தான் உண்டாகின்றன. அங்கு ஊறும் எச்சில் கெட்டியானது. அது நாக்கடிக்கு வர மேல்நோக்கி ஏறவும் வேண்டும்.

ஒருநாள் மலைக்குப் போகாவிட்டால் ஒருநாள் சம்பளம் இல்லை. அக்கா குளிசை போட்டுக்கொண்டே வருடங்களைக் கடத்தினார். கடைசியில் சீழ் பிடித்து, சுரப்பியையே எடுக்க வேண்டியதாயிற்று. தாடைக்கு இரண்டு விரல் கீழே கழுத்தில் நீளத் தழும்பு. கீழுதட்டை அசைக்கும் மெல்லிய நரம்பு அந்த வழியாகத்தான் ஓடுகிறது. “கொஞ்ச மாசம் சிரிச்சா ஒரு பக்கந்தான் சிரிக்கும்” என்றார். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டினால் பாரம் கழுத்தில்தான் இறங்கும். தையல் ஆறும்வரை வேலையும் இல்லை.

கண்டியில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். சுரப்பியை எடுப்பதென்றாலும் இப்போது காதுக்குப் பின்னாலோ வாய்க்குள்ளோ வெட்டி, கமரா காட்டும் பெரிய படத்தைப் பார்த்து நரம்பை ஒதுக்கி எடுக்கலாம் என்றார். வாய்வழியில் நாக்கு நரம்புக்கு ஆபத்து உண்டு, எல்லோருக்கும் பொருந்தாது. எனக்குப் பெரிதாகப் பட்டது அதற்கு முந்தைய கட்டம்: சுரப்பியை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் எடுப்பது. 1990களில் பிரான்ஸ், இஸ்ரேல், சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் வளர்த்தெடுத்த முறை அது. நாக்கடியில் ஊசிமுனை அளவே உள்ள குழாய் வாயை மெல்ல மெல்ல விரித்து, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள உள்நோக்கியை நுழைக்கிறார்கள். உப்புநீர் பாய்ச்சி வழியை விரித்து, கம்பிக் கூடையால் கல்லைப் பிடித்து இழுக்கிறார்கள். வெளியே வெட்டே இல்லை, சுரப்பியும் தப்பிக்கிறது. ஆனால் கல் சிறிதாக இருக்கும்போதே ஆள் வந்து சேர வேண்டும்.

கல்லைக் கண்டுபிடிக்கத் தொடக்கத்தில் இயந்திரம் தேவையில்லை. ஒரு விரலை நாக்கடியில் வைத்து, மற்றக் கையால் தாடைக்குக் கீழே அழுத்தினால் பல கற்கள் தட்டுப்படும். வெற்றிலையும் புகையிலையும் கொண்டுவரும் வாய்ப் புற்றுநோயைக் கண்டறிய, 1980களிலேயே இலங்கையில் ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களுக்கு வாயைப் பார்க்கப் பழக்கினார்கள். அது பலன் தந்தது. தோட்டத்து மருந்துசாலைகளில் வாயைப் பார்க்கும் அதே கை தாடைக்குக் கீழேயும் ஒருமுறை அழுத்திப் பார்க்கட்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது சாப்பிடும்போது மட்டும் தாடை வீங்கினால், பல் நோவென்று விடாமல் பல் வைத்தியரிடமோ காது மூக்குத் தொண்டை வைத்தியரிடமோ உடனே கூட்டிப் போங்கள்.