முக்காலி மட்டும் போதுமா?

சென்ற தீபாவளிக்குப் பெரிய துணிக்கடை ஒன்றில் விற்பனையாளனாக நின்றேன். ஆம், 'நின்றேன்' என்பதே பொருத்தமான சொல்! கடை ஊழியர்க்கு இருக்கை தர வேண்டுமென்று 2018-இல் கேரளமும், 2021-இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தின. எங்கள் சேலைப் பிரிவிலும் முக்காலி இருந்தது. ஆனால், நால்வர் பார்க்க வேண்டிய வேலைக்கு நானும் ஓர் அக்காளும் மட்டுமே. ஒருவருக்கு விரித்துக் காட்டுவதற்குள் அடுத்தவர் அழைப்பார். மடித்து வைக்க ஆளில்லை. இடையிடையே மேற்பார்வையாளரின் அதட்டல் வேறு.

"கொஞ்சம் உட்காருங்கக்கா" என்றேன்.

"உட்கார்ந்தா இதையெல்லாம் யாரு தம்பி மடிக்கிறது?" என்றார். முக்காலியிலும் சேலைகளே குவிந்து கிடந்தன.

அவர் முகத்தில் சிரிப்பில்லை என்று வாடிக்கையாளர் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். சிரிப்பு எங்கிருந்து வரும்? இருக்கைக்குச் சட்டம் வந்துவிட்டது. அதில் அமர நேரம் கிடைக்கப் போதிய ஆட்களும் வேண்டுமல்லவா? நண்பர்களே, சிந்திப்போமாக!